என் வண்டியை ஓட்டி வந்தவர்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு சனிக்கிழமை மதியம், குரோம்பேட்டையில், மூன்று கிளாஸ் பியர் குடித்தேன்.
2. அதன் பிறகு என் வண்டியை நான் ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டு போனோம்.
3. சாவியை டிக்கிக்குள் இருந்த லேப்டாப் பையில் போட்டு ஜிப்பை மூடினேன்.
4. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டேன்.
5. காட்டாங்குளத்தூரில், என் அப்பார்ட்மெண்ட் பார்க்கிங்கில், அதே பின் சீட்டில் கண் விழித்தேன்.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இது.

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. காலேஜ் ஹாஸ்டலில் மாடியில் கொலுசுச் சத்தம் கேட்கிறது என்று ஒரு தளமே தூங்காமல் கிடந்தபோது, மேலே ஏறிப் போய்த் தண்ணீர்க் குழாயின் கிளாம்ப் லூசாக இருப்பதைக் கண்டுபிடித்து முடுக்கிவிட்டு வந்தவள் நான். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் பிரேக் டெஸ்ட் செய்கிற வேலை. டெஸ்ட் டிராக்கில் நானே வண்டி ஓட்டி, பிரேக் போட்டு, அளந்து எழுத வேண்டும். ஆகவே என் டிரைவிங் லைசென்ஸ்தான் என் வேலை. அது முடக்கப்பட்டால் அடுத்த நாள் எனக்கு அங்கே நாற்காலி கிடையாது. இதைச் சொல்வதற்குக் காரணம், நான் குடித்துவிட்டு ஓட்டினேனா இல்லையா என்பது எனக்கு வெறும் வம்புப் பேச்சு இல்லை என்பதுதான்.

அன்று நிவேதாவுக்குப் பிரிவு விருந்து. நிவேதா என்னோடு அதே டீமில் இருந்தவள், நான்கு வருடம் ஒரே ஃபிளாட்டில் இருந்தவள். கல்யாணம் நிச்சயமாகி, வேலையை மாற்றிக்கொண்டு புனேவுக்குப் போகிறாள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பார் வசதியுள்ள ஒரு ஹோட்டலில் பதினோரு பேர் சாப்பிட்டோம். வண்டி கொண்டுவந்த நாளில் நான் தொடுவதே இல்லை. அன்று தொட்டேன். மூன்றரை மணிக்கு அவளுடைய வருங்காலக் கணவர் வந்து ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பார்க்கிங்கில் நானும் வண்டியும் மிஞ்சினோம்.

செக்யூரிட்டி அண்ணா வந்தார். "மேடம், ரிசப்ஷன் பார்ட்டி வருது. வண்டிய எடுத்துடுங்க."

"குடிச்சிருக்கேன் அண்ணா. என்னால எடுக்க முடியாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத்தினி வருச சர்வீஸ்ல இப்டி ஒருத்தரும் சொன்னதில்ல மேடம். எல்லாரும் ஒண்ணும் ஆவலன்னுதான் சொல்லுவாங்கோ."

பின்பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்த சமையல்காரரை அழைத்தார். நான் நியூட்ரலில் போட்டு, வெளியே நின்றபடி ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, அவர்கள் இருவரும் தள்ள, பக்கத்துச் சந்துக்குள் வண்டி போய்ச் சேர்ந்தது. "பெட்ரோல் போட்டா வண்டி ஓடும். மேடம் போட்டுக்கினதால வண்டி நிக்குது" என்றார் சமையல்காரர். நானும் சிரித்தேன்.

அங்கேயே விட்டுவிட்டு மின்சார ரயிலில் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். எதிர்வீட்டு பால்கனியிலிருந்து ஒருவர், "நைட்டு இங்க வெச்சீங்க, காத்தப் புடுங்கிடுவேன், ஆமா" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். அது ஒரு காரணம். இன்னொன்று, பாதி அலமாரி காலியாகிக் கிடக்கிற அந்த ஃபிளாட்டுக்குச் சீக்கிரம் போக எனக்கு எந்த அவசரமும் இல்லை.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஏசியைப் போட்டுக்கொண்டேன். மேற்கு வெயில் நேரே முகத்தில் அடித்தது. கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டியில் வந்த ஒரு பெண் போலீஸ், ஏட்டம்மா, நிறுத்திக் கண்ணாடியைத் தட்டினார்.

"குடிச்சிருக்கியாம்மா?"

"ஆமா மேடம். ஆனா ஓட்டல. நிறுத்தித்தான் வெச்சிருக்கேன்."

"இன்ஜின் ஓடுது."

"ஏசிக்காக மேடம்."

"ஸ்டியரிங் முன்னாடி உக்காந்திருக்க, சாவி போட்டிருக்க, இன்ஜின் ஓடுது. ஓட்டப் பாத்தேன்னு நான் எழுதினா, கோர்ட்ல போய் வேர்க்குதுன்னு சொல்லுவியா?"

எனக்குத் தெரிந்த விஷயம்தான். நூறு மில்லி ரத்தத்தில் ஆல்கஹால் முப்பது மில்லிகிராமுக்கு மேல் போனால் குற்றம். ஓட்டுவது மட்டுமில்லை, ஓட்ட முயல்வதும் குற்றம். கம்பெனியில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த வரியை வாசித்துக் காட்டுகிறவளே நான்தான். இன்ஜினை அணைத்தேன்.

"பின்னாடி போய் உக்காரு. சாவியக் கையில வெச்சுக்காத. ஆக்டிங் டிரைவருக்குப் போனப் போடு" என்றவர், ஸ்கூட்டியைக் கிளப்பப் போய் மறுபடி திரும்பினார். "கூட்டிட்டுப் போக வீட்ல யாரும் இல்லியா?"

"இல்ல மேடம்."

"யாருமேவா?"

அப்பா அம்மா நாகர்கோவிலில். தம்பி துபாயில். நிவேதா ஏர்போர்ட் செக்யூரிட்டி வரிசையில் நின்றுகொண்டிருப்பாள். அந்தப் பட்டியல் அவ்வளவுதான், நான்காவதாக எழுத ஒரு பெயர் கிடைக்கவில்லை. "யாரும் இல்ல மேடம்" என்றேன். அவர் ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

ஆக்டிங் டிரைவர் என்றால் நம் வண்டியை நமக்காக ஓட்டி, வீட்டில் விட்டுவிட்டுத் தன் வழியில் போகிறவர். முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டோம். முன் கதவைத் திறந்து உட்கார்ந்தால் அவர்தான் டிரைவர் என்று எடுத்துக்கொள்வோம். நிவேதா எப்போதோ அனுப்பியிருந்த எண்ணில் குமார் என்பவர் கிடைத்தார். "வந்துகினே கீறேன் மேடம். ட்ராஃபிக்கு, அரை மணி நேரம் ஆவும்" என்றார். சாவியை டிக்கியில் வைத்தேன். பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டு, வெயிலுக்காகத் துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டேன். தூங்கிவிட்டேன்.

இனிமேல்தான் நம்பினால் நம்புங்கள் என்கிற பகுதி.

முன் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. பாதித் தூக்கத்தில், "காட்டாங்குளத்தூர் அண்ணா, லொக்கேஷன் அனுப்பிருக்கேன்" என்றேன். பதில் வரவில்லை, வண்டி கிளம்பியது. நான் துப்பட்டாவை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வண்டியைக் கேட்பது எனக்குத் தொழில் பழக்கம். தாம்பரம், பெருங்களத்தூர் என்று ஒவ்வொரு நெரிசலிலும் வண்டி நிற்கும்போது கவனித்தேன், நிற்பதற்கு முந்தைய அரை விநாடியில் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, உடம்பு குலுங்காமல் நிறுத்துகிற கால் அது. பஸ்காரர்கள், கார்காரர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. யாரோ நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு மறுபடி கண் அயர்ந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பயணம் எனக்குப் பிடித்திருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோ என்னை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வண்டலூர் தாண்டி வண்டி ஓரமாக நின்றது. கண்ணாடி இறங்கியது. ஓர் ஆண் குரல், போலீஸ் செக்கிங். "ஊதுங்க. விடாம ஊதுங்க. இன்னும்... ம், சைபர்." பிறகு, "பின்னாடி யாரு? செம தூக்கம் போல." முன் சீட்டிலிருந்து என்ன பதில் போனது என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தக் குரல் மட்டும் சிரித்தது. "சரி சரி, பத்திரமா கூட்டிட்டுப் போங்க."

கண் விழித்தபோது வண்டி என் பார்க்கிங் கட்டத்துக்குள், இரண்டு தூண்களுக்கு நடுவில், கோணல் இல்லாமல் நின்றது. முன் சீட்டில் யாரும் இல்லை. இன்னும் முழுதாக இருட்டவில்லை. ஃபோன் மதிய விருந்திலிருந்தே சைலண்டில் கிடந்திருக்கிறது, ஐந்து தவறிய அழைப்புகள், எல்லாம் குமார். கூலி வாங்காமல் போய்விட்டாரே என்று கூப்பிட்டேன்.

"இன்னா மேடம் பேஜார் பண்றீங்க? சந்து முச்சூடும் தேடுறேன், உங்க வண்டியே இல்ல. நீங்களே எடுத்துகினு போறதுன்னா எதுக்கு என்னை இழுத்தடிக்கிறீங்க?"

"அண்ணா, நீங்கதானே ஓட்டிட்டு வந்தீங்க?"

"நானா? நான் இப்ப குரோம்பேட்ட ஸ்டேஷன் வாசல்ல டீ குடிச்சிகினு கீறேன். சரக்கு எறங்கினதும் கூப்புடுங்க மேடம்." வைத்துவிட்டார்.

அப்போதுதான் சாவி ஞாபகம் வந்தது. டிக்கியைத் திறந்தேன். லேப்டாப் பை, உள்ளே ஜிப், ஜிப்புக்குள் சாவி. பானட்டில் கை வைத்தேன், சுட்டது. தூக்கத்தில் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். போதையில் செய்ததை மறந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் நான்தான் ஓட்டியிருக்கிறேன், மூன்று கிளாஸ் பியரோடு, சனிக்கிழமைச் சாயங்கால ஜி.எஸ்.டி. ரோட்டில். முன் பம்பரைச் சுற்றி வந்து ஃபோன் வெளிச்சத்தில் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை.

நேரே கேட்டுக்குப் போய் வாட்ச்மேன் முருகேசண்ணாவிடம், யார் என் வண்டியை ஓட்டி வந்தது என்று கேட்டேன்.

"நீங்கதான் மேடம். இன்னா கேக்குறீங்க? எப்பவும் போல கை காட்டிட்டுப் போனீங்களே."

"நல்லாப் பாத்தீங்களா?"

"நல்லாப் பாத்தேன். பின்னாடி உங்க ஃபிரண்டு மூஞ்சில துப்பட்டாவப் போட்டுகினு தூங்கிகினு இருந்தாங்க. நிவேதாம்மா ஊருக்குப் போவலியோன்னு நெனச்சேன். ரெண்டு பேரும் ஒரே கலர்ல துணி எடுத்திருக்கீங்க, சொல்லவே இல்ல?"

அவரே தொடர்ந்தார். "வண்டிய நிறுத்திட்டு டிக்கியத் தொறந்து மூடினீங்க. பின் கதவத் தொறந்து அவங்க மூஞ்சில துணிய சரி பண்ணினீங்க. எழுப்பாம லிஃப்ட்டுல மேல போய்ட்டீங்க. எப்ப கீழ வந்தீங்க, நான் பாக்கலியே?"

நான்காவது மாடிக்குப் படியில் ஏறிப் போனேன். லிஃப்ட் மேலேதான் நின்றிருந்தது. கையில் சாவி இருந்தும் என் வீட்டு காலிங் பெல்லை அடித்தேன். ஒரு தடவை, கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை. யாரும் திறக்கவில்லை. திறந்து உள்ளே போனால் எல்லாம் காலையில் விட்டுப்போனபடி இருந்தது. குளியலறை, பால்கனி, நிவேதாவின் காலி அறை எல்லாம் பார்த்தேன். யாரும் இல்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

நான் யோசிக்காமல் இல்லை. நானே ஓட்டினேன் என்றால், மூன்று கிளாஸ் குடித்த உடம்பில் மூன்று மணி நேரத்துக்குள் ஊதிப் பார்க்கிற கருவி சைபர் காட்டாது. கருவி பழுது என்றோ, அந்தக் குரலே கனவு என்றோ வைத்துக்கொண்டாலும், முருகேசண்ணா பின் சீட்டில் பார்த்தது யாரை? அவர் கற்பனை செய்தார் என்றால், என் முகத்தில் துப்பட்டா இருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? வேறு யாரோ ஓட்டினார்கள் என்றால், நான் ஒருவருக்கும் சொல்லாத இடத்திலிருந்து சாவியை எடுத்து, அதே இடத்தில் எப்படி வைத்தார்கள்? எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் ஒரு ஆள் குறைகிறது, அல்லது கூடுகிறது.

கேட்டில் கேமரா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அசோசியேஷன் செயலாளர் கேட்டவுடனே சரி என்றார், "பதிவு ரெண்டு வாரந்தான் இருக்கும்மா, அதுக்குள்ள வந்து பாத்துக்க." அளவு எடுக்காமல் எதையும் நம்பாதவள் நான். தினமும் வேலையிலிருந்து வந்து அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் மேலே போனேன். இரண்டு வாரம் முடிகிற வரை உள்ளே போகவில்லை. திரையில் வண்டியில் ஒருத்தி மட்டும் தெரிந்தால் என்ன செய்வது என்றும் பயம், இரண்டு பேர் தெரிந்தால் என்ன செய்வது என்றும் பயம். இரண்டில் எது பெரிய பயம் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

இப்போதைய நிலை இது. லைசென்ஸ் செல்லுபடியாகிறது. என் பெயரில் வழக்கு எதுவும் இல்லை. குடிப்பதை விட்டுவிட்டேன். நிவேதாவிடம் சொல்லவில்லை. டிராக்கில் ஓட்டுகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை எழுதிக் கொடுக்க வேண்டிய உறுதிமொழிப் படிவம் போன வாரம் வந்தது. பெயர், லைசென்ஸ் எண், கண் பரிசோதனை எல்லாம் நிரப்பிவிட்டேன். ஏழாவது கேள்வி, கடந்த பன்னிரண்டு மாதங்களில் மது அருந்திய நிலையில் வாகனம் ஓட்டியிருக்கிறீர்களா என்பது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இரண்டும் காலியாக இருக்கின்றன. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.