கங்கப்பன் பங்கு போட்ட மீன்

பர்கூர் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் இருபது வருடம் பாறைக்கு வெடி வைத்தவர் கங்கப்பன். இரண்டு விரல் அங்கேயே போனது, வெடிச் சத்தத்தில் காதும் பாதி செவிடானது. அடியில் ஊற்று உடைத்துக்கொண்டதும் முதலாளி மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். குழி நிரம்பிக் குட்டையானது. முக்குளிப்பான் வந்தது, நீர்க்காகம் வந்தது. தண்ணீர் கசியும் பாறை விளிம்பில் சிவப்பாக அழுகண்ணி முளைத்தது. பூச்சியைப் பிடித்துத் தின்னும் அந்தச் செடியைத் தேடி அலைந்து, இங்கேதான் பார்த்தேன் என்று காலேஜ் வாத்தியார் ஒருவர் மண்டிபோட்டுப் படம் எடுத்தார். அன்றிலிருந்து கங்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. குட்டைக்குத் தானே காவல்காரர் என்று சொல்லிக்கொண்டார். ஆட்டை இறங்க விடமாட்டார். தண்ணீரில் வெடித் தோட்டா போட்டு மீன் பிடிக்கிறவர்களைக் கண்டால் அவர் வாயில் நல்ல வார்த்தை வராது.

2006-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியும்போது குட்டை முழுக்க மீன் செத்து மிதந்தது. ஒரு பறவையைக்கூடக் காணோம். கரையில் லாரிச் சக்கரத் தடம் புதிதாகக் கிடந்தது. கோபத்தில் அவர் எதையும் பார்க்கவில்லை. எவனோ தோட்டா போட்டுவிட்டான், அவ்வளவுதான்.

வெடி மீனை வீணாக்காமல் வீட்டுக்கு வீடு பங்கு போடுவது குவாரிக்காரர்கள் வழக்கம். கூடையில் வாரிவந்து தன் தெருவின் பதினோரு வீட்டுக்கும் தன் கையாலேயே கொடுத்தார். பிறகு, தோட்டா போடுகிற பையன்களோடு சுற்றும் அக்காள் மகன் முனிராஜைத் தேடிப் போனார். அவன் டவுனுக்குப் போயிருந்தான். திரும்பி வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு அவன் வாசலிலேயே நின்றார்.

"உன் கூட்டாளிங்கதான்டா தோட்டா போட்டது?"

முனிராஜ் அவர் காதருகே குனிந்து கத்தினான். "தோட்டா போட்டா சத்தம் கேக்காதா மாமா? உங்களுக்குக் கேக்கல, சரி. நான் ராத்திரி முழுக்க வெளியிலதான் படுத்துனு இருந்தன். டேங்கர் லாரி ரெண்டு குட்டைப் பக்கம் போச்சு. வேற ஒரு சத்தமும் இல்ல."

கங்கப்பன் அவன் வீட்டுக்குக் கொடுத்த மீனில் ஒன்றை எடுத்து வயிற்றைக் கிழித்தார். வெடியில் செத்த மீனுக்கு உள்ளே காற்றுப்பை கிழிந்து ரத்தம் கட்டியிருக்கும். அவருக்குத் தெரியாததா? இதில் பை முழுசாக இருந்தது. செவுள் வெந்ததுபோல் வெளுத்திருந்தது. ஏதோ மருந்து நெடி மூக்கில் ஏறியது.

மீனைக் கீழே போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார். எல்லா வீட்டிலும் குழம்பு கொதிக்கும் வாசனை. முதல் வீடு பேச்சியம்மாளுடையது. குழம்புச் சட்டியைப் பிடுங்க உள்ளே நுழையப் போனார். வாசலில் அவள் பேத்தி தட்டை வழித்துக்கொண்டிருந்தாள்.

"மீனு நல்லா இருந்துச்சு தாத்தா," என்றாள். "நாளைக்கும் குடுப்பீங்களா?"