கழிக்கப்படாத சோறு

"2022 ஒக்டோபர், மூன்றாம் கிழமை, செவ்வாய். மடுல்கெல்ல. சோறு, பருப்பு, கோவா வறை, பாதி முட்டை. சாப்பாட்டுக்குப் பிறகு நிறுவை. மழை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. "சாப்பாட்டுக்குப் பிறகு" என்ற சொற்களுக்குக் கீழே மட்டும் கோடு போட்டிருக்கிறேன். எப்போது போட்டேன் என்று குறித்துவைக்கவில்லை.

அந்த வருடம் அரிசி விலை ஏறியபோது, கண்டியில் எங்கள் பங்குக் கோயில் மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் சிற்றாலய மண்டபத்தில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கத் தொடங்கியது. நான் கந்தோரில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கண்டிச் சந்தையில் மரக்கறி வாங்கி வேனில் கொண்டுபோவதும், குழுக் கூட்டங்களுக்குக் குறிப்பெழுதுவதும் எனக்கு விடப்பட்டிருந்தன.

வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அரிசி போதவில்லை. ஆகவே குழு ஒரு விதி வைத்தது. வயதுக்குரிய எடைக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கே இடம். மாதம் ஒருமுறை நிறுப்பது. சுவரில் ஒட்டிய அட்டையில் சிவப்புக் கோட்டைத் தாண்டிய பிள்ளை, காத்திருக்கும் இன்னொரு பிள்ளைக்கு இடம் விடவேண்டும். அப்படித் தாண்டியவர்களுக்குத் "தேறிய பிள்ளைகள்" என்று பெயரும் வைத்தோம். பஞ்சங்களைப் பற்றி நிறைய வாசித்திருக்கிறேன். அவற்றிலெல்லாம் தானியத்தைத்தான் நிறுப்பார்கள்.

நிறுப்பவர், பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரி. கடுகண்ணாவையிலிருந்து இரண்டு பஸ் மாறி, தன்னுடைய தராசைத் துணிப்பையில் சுமந்துகொண்டு மாதத்தில் ஒருநாள் வருவார். முதல் மாதங்களில் நிறுவை காலையில், பள்ளிக்கூடத்துக்கு முன்பு நடந்தது. நாள்தோறும் எங்களிடம் சாப்பிட்ட பிள்ளைகள் எடை குறைந்துகொண்டு போனார்கள். மருத்துவமாதுக்குக் காரணம் விளங்கவில்லை. சமையல்காரப் பெண்தான் கடைசியில் சொன்னாள்.

"கோட்டத் தாண்டுனா சோறு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? எந்த ஆத்தா தாண்ட விடுவா? முந்துன நா மத்தியானத்துக்கு அப்புறம் வாயில ஒண்ணும் வைக்க விடுறதில்ல."

தேங்காய் துருவிக்கொண்டிருந்த இன்னொருத்தி சிரித்தாள். "கொழுந்து நிறுக்கையில தண்ணி தெளிச்சாவது ஏத்தணும். புள்ள நிறுக்கையில பட்டினி போட்டாவது எறக்கணும். எங்க பொழப்பு தராசோடதான் அக்கா."

மற்றவர்களும் சிரித்தார்கள். மருத்துவமாது சிரிக்கவில்லை. "இரா முழுக்கப் பட்டினியோ?" என்று மட்டும் கேட்டார்.

குழுவில் இது ஏமாற்று என்று பேசப்பட்டது. இனிமேல் சாப்பிட்ட பிறகு நிறுப்பது என்று முடிவானது. பிள்ளைகள் பட்டினி கிடக்கமாட்டார்கள். தாய்மாரும் ஏமாற்ற முடியாது. எல்லோருக்கும் அது நல்ல தீர்வாகப் பட்டது. அப்படியே குறிப்பில் எழுதினேன்.

அந்தச் செவ்வாயன்று, ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தராசில் ஏறினாள். முட்டையின் மஞ்சளைக் கடைசி வாய்க்கென்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துச் சாப்பிடுகிறவள். தகப்பன் கொழும்புக்கு வேலை தேடிப் போய்ச் செய்தியில்லை. தாய் மலையில் பகல் கொழுந்து நிறுவையை முடித்துக்கொண்டு நேரே வந்திருந்தாள். இடுப்பில் கட்டிய சாக்கிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது.

முள் காட்டிய எடை, அட்டையின் சிவப்புக் கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது.

"தாண்டிட்டுது. சந்தோசமான விசயம்தானே, அம்மா" என்றார் மருத்துவமாது.

தாய் தராசைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இப்பதான் மலையில நிறுத்துட்டு வாறேன். சாக்குக்குன்னு கழிச்சாங்க. மழத் தண்ணிக்குன்னு கழிச்சாங்க. எம் புள்ள வயித்துல இப்ப கெடக்குற உங்க சோத்துக்கு என்னா கழிப்பீங்க, மிஸ்?"

சிறுமி இன்னும் தராசின்மேல் நின்றுகொண்டிருந்தாள்.

மருத்துவமாது கண்ணாடியைக் கழற்றினார். "அவ சொல்லுறது சரி. வெறும் வயித்தில நிறுத்தாத்தான் தெரியும். அடுத்த முறை காலமை நிறுக்கிறன்."

"அதுவரைக்கும்?" என்றாள் தாய்.

கண்டியிலிருந்து வந்திருந்த குழுத் தலைவர் என்னைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். அங்கே அடுத்த இடத்துக்குரிய பையன் வீட்டிலிருந்து கொண்டுவந்த தட்டுடன் நின்றான். "இன்னிக்கு இந்தப் புள்ளைக்கு விட்டுக்குடுத்தா, நாளைக்கு எல்லாரும் சோத்தக் கழிங்கன்னு வந்து நிப்பாங்க. விதின்னா எல்லாருக்கும் விதிதாம்மா."

"விதிதாங்கய்யா" என்றாள் தாய். பிள்ளையை இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாளும் சிறுமி பள்ளிக்கூடம் விட்டதும் பழக்கத்தில் தட்டோடு வந்து மண்டபத்துச் சுவரோரம் நின்றாள். சமையல்காரப் பெண் அடிச்சோற்றைச் சுரண்டிப் போட்டாள். அது தாயின் காதுக்குப் போனது. அதற்கடுத்த நாள் கொழுந்துக் கூடையை இறக்காமலே வந்து பிள்ளையின் கையைப் பிடித்தாள். "அடுத்தவுங்க திங்கிறத பாத்துக்கிட்டு நிக்க எம் புள்ள என்ன நாயா?" சமையல்காரப் பெண் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிறகு அந்தச் சிறுமி மண்டபத்துக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் வரவில்லை என்று பின்னர் அறிந்தேன்.

நவம்பரில் மருத்துவமாது முதல் பஸ்ஸில் வந்தார். இரவு சாப்பிட்ட பிள்ளைகளைக் காலையில் நிறுத்து, இறங்கியதும் ஆளுக்கொரு பணிஸ் கொடுத்தார். சிறுமியின் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டார். நான் தொழிலாளர் லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். அவர்களுடைய காம்பராக் கதவில் பூட்டுத் தொங்கியது.

பக்கத்துக் காம்பராக்காரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "குண்டசாலைப் பக்கம் ஒரு வீட்டு வேலைக்குப் போயிட்டா. புள்ளயவும் கூட்டிக்கிட்டுத்தான் போனா."

"எந்த வீடு?"

"அது தெரியாதுங்கய்யா. மூணு வேளையும் சோறாம்."

"பிள்ளைக்குமா?"

அவள் துணியை உதறினாள். "அத நான் கேக்கல."

திரும்பி வந்து மருத்துவமாதிடம் சொன்னேன். அவர் தராசைப் பையில் வைத்தார், திரும்ப எடுத்தார், முள் சரியாகப் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது.

டிசம்பர்க் கூட்டத்தில் அந்த விதி கைவிடப்பட்டது. சுவரிலிருந்து அட்டையைக் கழற்றினோம். சாப்பாடு வாரத்தில் மூன்று நாளாகக் குறைந்தது. ஆனால் வருகிற எல்லாப் பிள்ளைக்கும் என்றானது. இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறது. மற்ற நாட்களில் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நாங்கள் கேட்பதில்லை.

குண்டசாலைக்குப் பல தடவை போனேன். பஸ் தரிப்பிடத்து முச்சக்கரவண்டிக்காரர்களிடமும் கோயிலிலும் விசாரித்தேன். பெரிய மதில் வைத்த வீடுகள். வேலைக்காரியின் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறவனுக்கு அங்கே கதவு திறப்பது கடினம். ஒருவர் மட்டும், அப்படியொரு தாயும் பிள்ளையும் ஆற்றுப்பக்க வீடொன்றில் இருந்ததாகச் சொன்னார். பிள்ளை பெண்ணா ஆணா என்பது அவருக்கு நினைவில்லை.

தாய் குண்டசாலையில் வேலைக்குப் போனாள் என்பதற்கு எனக்குக் கிடைத்த சாட்சி பக்கத்துக் காம்பராக்காரியின் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்த வீட்டில் பிள்ளைக்கும் சோறு போட்டார்களா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படவில்லை.