டிரைவர் இல்லாத கார்

ஜூன் 14, வெள்ளிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். எட்டரைக்கு அலுவலகம். மதியம் அரைநாள் விடுப்பு. இரண்டரை மணிக் காட்சிக்குச் சித்தப்பாவை அழைத்துப்போனேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே காரைக்காலில் சித்தியோடு சேர்ந்து நாங்கள் பார்த்த தாதா படத்தின் இரண்டாம் பாகம். சுவரொட்டியைப் பார்த்ததும், "அவனுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு. அவன் மட்டும் எப்படிடா இன்னும் ஓடுறான்?" என்று சிரித்தார்.

முதல் படம் வந்தபோது சித்தப்பா ஒரு சாராய வியாபாரியிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். விடிவதற்கு முன் புதுச்சேரி எல்லையான பூவம் தாண்டிப் புட்டிகள் அந்தக் காரில் திருட்டுத்தனமாகத் தமிழ்நாட்டுப் பக்கம் போய்விடும். முதல் படத்தின் முடிவில் தாதாவையும் அவன் டிரைவரையும் காருக்குள்ளேயே சுட்டுவிடுவார்கள். டிரைவருக்குப் படம் முழுக்க நான்கு வசனம் இருந்தால் அதிகம். ஆனால் கேமரா தாதாவின் பிணத்தை விட்டுவிட்டு, சோற்றை மூடிவைத்து வாசலில் காத்திருக்கும் டிரைவரின் மனைவியிடம் போய் நின்றது. கொட்டகையில் ஒரு விசில் இல்லை. சித்தி சித்தப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வண்டி நமக்கு வேணாங்க" என்றார். மறுநாளே சித்தப்பா சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் ஓய்வுபெறும்வரை பள்ளி வேன்தான் ஓட்டினார்.

இரண்டாம் பாகத்தில் தாதா சாகவில்லையாம். தொலையட்டும், வியாபாரம். ஆனால் அதே துப்பாக்கிச் சூட்டை மறுபடி காட்டினார்கள். அதில் தாதாவே கார் ஓட்டுகிறான். டிரைவரே இல்லை. ஒரு முதலாளியை உயிர்ப்பிக்க, அவனுக்காகச் செத்தவன் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். யாரைக் கேட்டுச் செய்தார்கள்? கொட்டகை முழுக்கக் கைதட்டல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெளியே வந்து டீ வாங்கினேன். சித்தப்பா குடிக்கவில்லை.

"ஏன்டா, அதுல டிரைவர்னு ஒருத்தன் இருந்தானா? இல்ல, நானா நெனச்சிக்கிட்டேனா?"

"இருந்தான் சித்தப்பா."

"எம் மனசுக்காகச் சொல்ற. இம்மாம் பெரிய திரையில காட்டுறானுங்க, தப்பாவா காட்டுவானுங்க? உன் சித்தி இருந்தா கேக்கலாம். அவன் இல்லன்னா நான் எதுக்குடா சாவியக் குடுத்தேன்?"

மறுநாள் சனிக்கிழமை. செடிகளுக்குத் தண்ணீர்கூட ஊற்றாமல், முதல் வேலையாகப் பரணிலிருந்து முதல் படம் பார்த்த ஆண்டின் என் நாட்குறிப்பை இறக்கித் துடைத்து, சித்தப்பாவிடம் கொண்டுபோய்ப் பக்கத்தை விரித்துக் கொடுத்தேன். "படம் பார்த்தோம். கடைசியில் டிரைவரும் செத்துவிட்டான். அவன் மனைவிக்காகச் சித்தி வீடு வரும்வரை அழுதார்." சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார்.