கை மூடினால் நிற்கவேண்டும்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்ரே அறையில் வேலை பழகியவளுக்கு அப்படித்தான் சொல்ல வருகிறது.

1. சித்திரை முழுவதும் அப்பாவுக்கு இருமல். தூசி என்றார், பிறகு கடற்காற்று என்றார்.
2. நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப்போய் என் கையாலேயே மார்பைப் படம் எடுத்தேன். வலது நுரையீரலின் மேல்பக்கம் ஒரு நிழல் இருந்தது.
3. சளியைச் சோதித்தார்கள். க்ஷயரோகம்தான்.
4. ஊசியும் மாத்திரையும் வீட்டில் இருந்தபடியே எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சளியில் கிருமி இருக்கும்வரை பேரக்குழந்தைகள் அருகில் வரக்கூடாது என்றார் டாக்டர்.
5. அப்பா மொட்டைமாடியில் இருந்த தகரக்கூரை அறைக்குக் குடிபோனார்.
6. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோறு கயிற்றில் ஏறுகிறது.

ஆறாவதுதான் ராயபுரத்தில் எங்கள் சந்துக்கே வேடிக்கை. காலையில் குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள். கீழே என் அண்ணி மூங்கில் கூடையில் கஞ்சிச் செம்பையும், துணியில் முடிந்த மாத்திரைகளையும் வைப்பாள். மேலே அப்பா கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று கயிற்றை இழுப்பார். கூடை சுவரில் உரசாமல் நேராக ஏறும். நாங்கள் ரங்கூனிலிருந்து வந்தவர்கள்; இன்னும் அங்கே இருக்கும் நம்மவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அந்தத் துறைமுகத்தில் அவரைப் பார்த்தவர்கள் இன்னும் சிலராவது அங்கே இருப்பார்கள்.

அப்பா அங்கே சிக்னல்மேன். கப்பலின் அடித்தட்டுக்குள் சரக்கு இறங்கும்போது வின்ச் என்ற பாரந்தூக்கியை ஓட்டுகிறவருக்கு உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாது. மேல்தட்டில் குழி விளிம்பில் ஒருவர் நின்று கையால் சொல்லவேண்டும். சுட்டுவிரலை மேலே சுழற்றினால் ஏற்று; அதற்கு ‘ஆவிஸ்’ என்று பெயர். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தால் இறக்கு, அது ‘ஆரியா’. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளுவதுபோல் சேர்ந்தால் மெல்ல. கை மூடினால் நில். வின்ச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. தெலுங்கர், தமிழர், பர்மியர், சிட்டகாங்கிலிருந்து வந்தவர் எல்லாருக்கும் அந்தக் கை ஒன்றுதான் பொதுப்பாஷை. அப்பாவின் வின்ச்காரர் அப்பாராவ் என்ற தெலுங்கர். யுத்தம் வந்தபோது நாங்கள் கிளம்பினோம். அவர் ஒரு பர்மியப் பெண்ணைக் கட்டியிருந்ததால் அங்கேயே தங்கிவிட்டார்.

இங்கே சென்னைத் துறைமுகத்தில் அப்பாவுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. கிடங்கில் காவல் இருந்தார். அவருடைய கை சும்மாவே இருந்தது, கூடை வரும்வரை.

என் அண்ணனுக்குப் பேசின் பிரிட்ஜ் ரயில்வே யார்டில் வேலை. அவனுடைய மகள் சரசுவுக்கு ஏழு வயது, மகன் சேகருக்கு நான்கு. நோய்க்கு முன் தாத்தாவின் மடியை விட்டு இறங்காத இரண்டும் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் சேகர் ஒரு படி ஏறிவிட்டான். மேலே அப்பா நின்றிருந்தார். வலது கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மூடினார். சேகர் அப்படியே நின்றான். ஏன் நின்றான் என்று அவனுக்கும் தெரியாது.

சரசு விஷயத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரமே கூடைக்குச் சிக்னல்மேன் அவள்தான். விரலைச் சுழற்றுவாள், கிள்ளிக் காட்டுவாள். ஒரு நாள் கூடை பாதி உயரத்தில் இருக்கும்போது வேண்டுமென்றே கையை மூடிவிட்டாள். அப்பா இழுப்பதை நிறுத்தினார். கூடை சந்தின் நடுவில் தொங்கிற்று.

“சோறு ஆறுதுடி, கையை எடு” என்றாள் அண்ணி. மேலே பார்த்து, “நீங்களாவது இழுங்க மாமா” என்றாள்.

“கை மூடியிருக்கேம்மா. நான் எப்படி இழுக்கிறது?” என்றார் அப்பா. “ஏத்து, இறக்குன்னு சிக்னல்மேன்தான் சொல்லணும். நில்லுன்னு மட்டும் யார் வேணாலும் சொல்லலாம். மேஸ்திரி சொன்னாலும் நிக்கணும், கூலி சொன்னாலும் நிக்கணும். ஏன்னு அப்புறம்தான் கேக்கணும்.”

சரசு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். சோறு ஆறித்தான் போயிற்று.

எங்களுக்குப் பெரிய பயம் வீட்டுக்காரம்மாவிடம்தான் இருந்தது. முனியம்மா காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். அவளுடைய தமிழ் ஆரம்பத்தில் எங்களுக்குப் பாதி புரியாது, எங்களுடையது அவளுக்குப் பாதி புரியாது. அண்ணி மொஹிங்கா என்ற பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ் செய்யப்போய், வாழைத்தண்டும் மீனும் சேர்த்துக் கொதிக்கவைத்து, நூடுல்ஸ் கிடைக்காததால் இடியாப்பத்தின் மேல் ஊற்றிய அன்று, “நல்ல மீன இன்னாத்துக்கு இப்டி கலீஜ் பண்றீங்கோ” என்று வாசலில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனாள். பிறகு ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தாள். க்ஷயம் என்று தெரிந்தால் இவள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவாள் என்று அண்ணன் நினைத்தான். கேட்டால் ‘வயிற்றுக் கோளாறு’ என்று சொல்வதாக முடிவு செய்திருந்தோம்.

அவள் என்னைக் குழாயடியில் பிடித்தாள்.

“இன்னாம்மா, உங்க நைனா மேலயே குந்திகினு கீறாரு? எறங்கவே மாட்டேன்றாரு?”

“வயிறு சரியில்லை” என்றேன்.

“வவுறு சரியில்லாதவருக்கு வாரத்துக்கு ரெண்டு ஊசி. தட்டு வேற, லோட்டா வேற, அதுங்கள வென்னீர்ல கொதிக்க வெக்கறே. நான் இன்னா கண்ணு தெரியாதவளா?” என்றவள் குடத்தை இறக்கிவைத்தாள். “எம் புருசனுக்கும் இதே இருமல்தான். ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு ஒளிச்சான். ஒளிச்சிகினே பூட்டான். நீ ஒளிக்காத தாயி. வேளைக்கு மருந்து குடு. கொயந்தைங்கள கிட்ட வுடாத. வூடு எங்க போவப்போவுது.”

நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சொல்லும் மூன்று விஷயங்களையும் அவளே சொல்லிவிட்டாள். அன்று வேலைக்குப் போனபோது, ஒரு கிழவி தலைவாரிப் பூவைத்துக்கொண்டு படம் எடுக்க வந்திருந்தாள். முகம் விழாது, எலும்புதான் விழும் என்றேன். “அப்பொ இன்னாத்துக்கும்மா என்னை நேரா நிக்க சொன்னே?” என்று கேட்டுவிட்டு, படம் காய்ந்ததும் வீட்டில் மாட்ட வேண்டும், சட்டம் போட்டுத் தருவாயா என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. சித்திரைக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ரங்கூனில் பர்மியர்கள் நம்மைக் ‘கலா’ என்பார்கள், அந்நியன் என்று. இங்கே எங்கள் வீட்டுக்குப் பெயர் ‘ரங்கூன்காரங்க வூடு’. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வருகிறார். இரண்டிலும் எனக்கு இப்போது வருத்தமில்லை. ஆனால் அப்பாவுக்கு மட்டும், அம்மா போன நாளிலிருந்து, எந்த இடத்திலும் தான் அதிகப்படியாக ஏறிய சரக்கு என்ற எண்ணம் உண்டு. அதற்குக் காரணம் எனக்குத் தெரியும்.

யுத்தத்தின்போது நாங்கள் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு முகாமில் அம்மாவுக்குக் காலரா கண்டது. அப்பா அவளைக் கூட்டத்திலிருந்து பிரித்து ஒரு மரத்தடிக்குத் தூக்கிப் போனார். அண்ணனும் நானும் பின்னால் ஓடினோம். அவர் திரும்பிக் கையை மூடினார். நாங்கள் நின்றோம். அம்மா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. அழுதோம், ஆனால் நகரவில்லை. அந்தக் கை இறங்கியபோது அம்மா இல்லை. நானும் அண்ணனும் இன்று உயிரோடு இருப்பது அந்தக் கையால்தான் என்று படித்த பிறகு எனக்குப் புரிந்தது. நாங்கள் அவளைத் தொட அவர் விடவில்லை என்பதுதான் அப்பாவுக்கு நினைவு. இரண்டும் உண்மை.

மழைக்காலத்துக்கு முன்னால் அப்பாவின் இருமல் நின்றது. கன்னத்தில் சதை பிடித்தது. எல்லா நோயாளிகளும் மருந்தை விட்டுத் தவறு செய்யும் இடம் இதுதான் என்று எனக்குத் தெரியும். அப்பாவும் அப்படிச் செய்வார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் துணிமூட்டையோடு படியிறங்கி வந்தார். அண்ணி குழந்தைகளைத் தேடினாள். சேகர் அடுப்படியில் இருந்தான்; சரசு குழாய்க்குப் போயிருந்தாள்.

“ஸ்டீமர் ஆபீசுக்குப் போய்க் கேட்டுட்டு வரேன். ரங்கூன் கப்பல் எப்ப இருக்குன்னு” என்றார்.

“யாருக்கு?”

“எனக்குத்தான். அப்பாராவ் வீட்ல ஒரு மூலை கிடைக்கும். அங்கே சின்னப் பிள்ளைங்க இல்லை.”

நான் பதற்றப்படாமல் மூன்று காரணங்கள் சொன்னேன். நிழல் இன்னும் முழுதாகக் கரையவில்லை. மருந்தைப் பாதியில் விட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அங்கே இந்த மருந்து ஒழுங்காகக் கிடைக்கும் என்று நிச்சயமில்லை. அவர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டார்.

“இருமல் நின்னாச்சும்மா. சரக்கு கரையில இறங்கின பிறகு வின்ச்சை எதுக்கு ஓட்டிக்கிட்டு இருக்கணும்? கிருமி மிச்சம் இருந்தா அது என்னோட போகட்டும். சேகர் தினம் அந்தப் படியில உக்காந்திருக்கான். ஒரு நாள் ஏறிடுவான். இன்னொரு தடவை கையை மூடிக்கிட்டு நிக்க என்னால முடியாது.”

செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார். கையைப் பிடித்து நிறுத்துகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் பின்னால் போனேன்.

சந்து முனையில் குழாயடியில் சரசு சின்னக் குடத்தோடு நின்றிருந்தாள். வெள்ளைச் சட்டையையும் மூட்டையையும் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். ஓடி வரவில்லை, கூப்பிடவும் இல்லை. வலது கையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி மூடினாள்.

அப்பா நின்றார்.

குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது. மீன்கூடையோடு அந்தப் பக்கம் வந்த முனியம்மாவும் நின்றாள்.

“கையை எடுடா கண்ணு” என்றார் அப்பா.

சரசு எடுக்கவில்லை. “மாத்திரை சாப்ட்டியா தாத்தா?”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. கூடை வெறுமையாக இறங்கி வந்ததைப் பார்த்து நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம். பிறகு மாடியில் தொட்டிச்செடி மண்ணைக் கிளறியபோது மாத்திரைகள் ஊறிப்போய்க் கிடந்தன.

“இன்னா பெரிசு,” என்றாள் முனியம்மா, “ஊரையே கையாட்டி நிறுத்துன ஆளாமே நீ. இப்ப இன்னா பண்ணப்போறே? பாப்பா கையில தம்மு கீது பாரு, சாயந்தரம் வரைக்கும் நிப்பா. எனக்கு மீன் கெட்டுப்பூடும்.”

அப்பா சரசுவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்ன முஷ்டி அவிழவில்லை. அவர் மூட்டையை மறு கைக்கு மாற்றினார். திரும்பினார். என்னைக் கடக்கும்போது மெதுவாகச் சொன்னார்: “அன்னிக்கு நான் காட்டினேன், நீங்க ரெண்டு பேரும் நின்னீங்க. இன்னிக்கு இவ காட்டுறா. நான் நிக்காம போனா அந்தக் கைக்கு என்ன மரியாதை?”

படியேறி மேலே போய்க் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றார். அதன் பிறகே சரசு கையை இறக்கினாள். அன்று கூடையில் மாத்திரை மட்டும் ஏறிற்று. அவர் விழுங்கி, வாயைத் திறந்து காட்டி, தண்ணீர் குடித்த பிறகுதான் கஞ்சிக்கு விரல் சுழன்றது. இந்த ஏற்பாட்டை நான் ஆஸ்பத்திரியில் சொன்னபோது டாக்டர் சிரித்தார். பிறகு வேறு சில வீடுகளிலும் குழந்தைகளிடமே இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

தை பிறந்து படம் எடுத்தேன். நிழல் இருந்த இடத்தில் தழும்புபோல ஒரு கோடு. சளியைத் திரும்பத் திரும்பச் சோதித்தும் கிருமி இல்லை. மருந்தை விடக்கூடாது, ஆனால் குழந்தைகள் மேலே போகலாம் என்றார் டாக்டர். மறுநாள் காலை சரசுவும் சேகரும் படியடியில் நின்றார்கள். மேலே அப்பாவின் வலது கை உயர்ந்தது. மூடவில்லை. சுட்டுவிரல் மெதுவாகச் சுழன்றது. சேகர் குதிக்கப் பார்த்ததும் இரண்டு விரல்கள் கிள்ளிக்கொண்டன. அவன் ஒவ்வொரு படியாக, இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி, கப்பலில் ஏறும் கண்ணாடிச் சாமான் பெட்டிபோல ஏறினான்.

கொஞ்ச நேரம் கழித்து நான் மாடிக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் ஓட்டுக்கூரைகளுக்கு மேலே துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். ஒரு ஸ்டீமர் புகைவிட்டுத் துறைமுக வாயைத் தாண்டிக்கொண்டிருந்தது. ரங்கூன் போகிற கப்பல் என்றார் அப்பா. சேகர் அவர் மடியில் இருந்தான். அப்பாவின் வலது கை அவரை அறியாமல் உள்ளங்கை கீழாக அசைந்துகொண்டிருந்தது. தூரத்துக் கரை ஒன்றில் யாருக்கோ சரக்கை இறக்கிக் கொடுப்பதுபோல. இடது கை சேகரின் சட்டையைப் பிடித்து மூடியிருந்தது. கப்பல் மறையும்வரை இரண்டு கையும் அப்படியே இருந்தன.

இன்றைய நிலை இது. அப்பா தகர அறையிலேயே தூங்குகிறார். அங்கே காற்று நன்றாக வருகிறது என்கிறார். மருந்து தொடர்கிறது. குழந்தைகள் இருவருக்கும் பி.சி.ஜி. ஊசி போட்டாகிவிட்டது, இருவரும் நலம். இப்போது அவர் கீழே வந்தே சாப்பிடலாம். ஆனாலும் கூடை ஏறுகிறது.