மடங்காத மோதிர விரல்

கெளுத்தி முள் குத்துவது எங்கள் ஆட்களுக்குப் புதுசில்லை. கத்திவாக்கம் குப்பத்தில் பிறந்தவன் எவனைக் கேட்டாலும் கையில் ஒரு தழும்பைக் காட்டுவான். வலையிலிருந்து மீனைக் கழற்றும்போது எனக்கு வலது உள்ளங்கையில், மோதிர விரல் தொடங்குகிற இடத்தில் ஏறிவிட்டது. உயிர் போகிற கடுப்பு. முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, வலை நூலை எடுத்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினேன். விஷம் மேலே ஏறாதாம்.

கடுப்பு அடங்கும்வரை கட்டை அவிழ்க்கக்கூடாது என்பது குப்பத்துச் சட்டம். கடுப்பு அடங்கவில்லை, நானும் அவிழ்க்கவில்லை. கட்டோடு கரை ஏறினேன், கட்டோடு சாப்பிட்டேன், கட்டோடு தூங்கினேன். மறுநாள் கை பலாப்பழம் மாதிரி வீங்கிவிட்டது. என் மனைவி அஞ்சலைதான் ரயிலேற்றி ராயபுரத்துப் பக்கம் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் முதலில் கத்தரிக்கோலால் நூலை வெட்டினார். "இதைக் கட்டினது யாரு?"

"நான்தான் சார்."

"விஷத்தை உள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்திருக்கியேப்பா!"

உள்ளங்கையில் தசைநாண்கள் (விரலை மடக்குகிற கயிறுகள்) ஓடுகிற உறைக்குள் சீழ் பிடித்திருந்தது. கீறி எடுத்தார்கள். பென்சிலின் (பூஞ்சையிலிருந்து எடுக்கிற, சீழைக் கொல்லும் மருந்து) அப்போதுதான் எங்களைப் போன்றவர்களுக்கும் கிடைக்கத் தொடங்கியிருந்தது. இடுப்பில் இடம் பார்க்காமல் ஊசி போட்டார்கள். கை பிழைத்தது.

விரல்கள்தான் மரக்கட்டையாகக் கிடந்தன. மோதிர விரல் எல்லாவற்றிலும் மோசம். மடக்கினால் பாதி வழியில் நின்றுவிடும். ஒட்டு விழுந்திருக்கிறது (தசைநாண் தன் உறையோடு ஒட்டிக்கொண்டது) என்றார் டாக்டர். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு தீப்பெட்டியை நுழைத்துப் பார்த்தார். தாராளமாக நுழைந்தது.

"மொத்தமா மூடித் திறந்தா போதாது. ஒவ்வொரு விரலையும் தனித்தனியா ஆட்டணும். வலிக்கும். வலிக்குதேன்னு விட்டா, மழைக்காலத்துக்குள்ள இப்படியே உறைஞ்சு போயிடும்."

மோதிர விரல் மடங்காதவன் கையில் ஈரக் கயிறு நிற்காது. கயிறு நிற்காதவனுக்குக் கட்டுமரத்தில் இடமில்லை. இதை எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

இதைப் படிக்கிற உங்களுக்கும் ஒரு கை இப்படிக் கிடக்கலாம். வெறும் காற்றில் ஒரு விரலை மட்டும் தனியே ஆட்டிப் பாருங்கள். பக்கத்து விரல் கூடவே வரும். அதை அமுக்கினால் இன்னொன்று எழும். பைத்தியம் பிடிக்கும்.

என் பைத்தியத்தைப் பக்கத்துக் கட்டிலில் இருந்த டெரிக் பார்த்துக்கொண்டிருந்தான். பேசின் பிரிட்ஜ் லோகோ ஷெட்டில் ஃபயர்மேன், என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். என் வயதுதான், ஆங்கிலோ இந்தியன், ராயபுரத்திலேயே வளர்ந்ததால் எங்கள் பாஷை அவன் வாயில் தண்ணீராய் ஓடும். கால் முறிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்தான். நர்ஸம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி, பகலில் மட்டும் வாசிப்பதாகச் சொல்லி, கட்டிலுக்குப் பக்கத்திலேயே ஒரு கிட்டார் வைத்திருந்தான்.

அவன் வாசித்த விதத்தில்தான் என் கண் நிலைகுத்தியது. எல்லாக் கம்பிகளையும் சேர்த்து வாரி அடிக்கவில்லை. கட்டைவிரல் ஒரு பக்கம் தன் வேலையைப் பார்த்தது. மற்ற மூன்று விரல்களும் ஆளுக்கொரு கம்பியைச் சுண்டின. ஒன்று போகும்போது இன்னொன்று சும்மா இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. கால் உடைந்தவனுக்கு இப்படி இரண்டு கையா? எனக்கு இரண்டு காலும் நன்றாக இருந்து என்ன புண்ணியம்?

"இன்னா மேன், முறைக்கிற? உனுக்கு டாக்டர் சொன்னதும் இதானே," என்று கிட்டாரை என் மடியில் வைத்தான். மேலே இருக்கிற மூன்று தடித்த கம்பிகள் கட்டைவிரலுக்கு. கீழே மூன்று மெல்லிசுக் கம்பிகள்: ஆள்காட்டி, நடு, மோதிரம், ஆளுக்கு ஒன்று. "கட்டைவிரல் மட்டும் நிக்கவே கூடாது. மத்தது தப்பு பண்ணட்டும், பரவால்ல."

என் கட்டைவிரல் நின்றது. நடுவிரல் போனால் மோதிர விரலும் கூடப் போய் இரண்டு கம்பி சேர்ந்து அலறியது. வார்டே சிரித்தது. ஆனால் விரல் தப்பாகப் போனால் உடனே காதுக்குத் தெரிந்துவிடுகிறது, பாருங்கள். காற்றில் ஆட்டும்போது இந்த வசதி இல்லை.

எங்கள் இருவரையும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். டெரிக் ஜோலார்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போகிறவன், ஊன்றுகோலோடு கிட்டாரையும் தூக்க முடியாது என்றான். "உன் கை சரியாவற வரைக்கும் வெச்சிக்கோ மாமு. நான் வந்து வாங்கிக்கிறேன்."

வீட்டில் தினமும் காலையில் உட்கார்ந்தேன். வெந்நீரில் கையை ஊறவைத்துவிட்டுத் தொடங்குவேன். அஞ்சலை எதிரே இறால் உரித்துக்கொண்டிருப்பாள். இடது கை விரல்கள் எந்தக் கம்பியை எங்கே அழுத்தவேண்டும் என்கிற பிடிகளை டெரிக் சொல்லித் தந்தபடி வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன். ஒரு பிடியிலிருந்து அடுத்த பிடிக்குப் போவதற்குள் ஒரு கட்டுமரம் கரை சேர்ந்துவிடும். மோதிர விரல் கம்பியைத் தொட்டாலே முழங்கை வரை சுளீர் என்று இழுக்கும். வேர்த்து ஊற்றும். "போதும்யா, நாளைக்குப் பாத்துக்கலாம்," என்பாள். கேட்கமாட்டேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரியில் கையைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். வாசலிலேயே கிட்டார் சத்தம் கேட்டது. டெரிக் வந்துவிட்டான் என்று சந்தோஷமாக உள்ளே போனால், அஞ்சலை.

கட்டைவிரல் நிற்கவில்லை. நான் தினமும் தடுக்கி விழுகிற அதே இடத்தை, ஏதோ தண்ணீர்க் குடத்தை இறக்கி வைப்பதுபோல அலட்டாமல் தாண்டினாள். நான் வாய்விட்டுச் சொன்னதையெல்லாம் கேட்டே பிடிகளைக் கற்றிருக்கிறாள். வலது கைக்கு அதுவும் தேவைப்படவில்லை. இறால் உரிக்கிற கை அது: கட்டைவிரல் தலையைக் கிள்ளும், ஆள்காட்டி ஓட்டைப் பிளக்கும், நடுவிரல் குடலை இழுக்கும், மோதிர விரல் சதையைத் தட்டில் தள்ளும். ஒன்றுக்கொன்று காத்திருக்காமல், அவள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும்போதே.

என்னைப் பார்த்ததும் வெட்கத்தோடு சிரித்தாள். "சொம்மா தொட்டுப் பாத்தேன்யா. அதுவா வருது."

அதுவா வருதாம்! என் உள்ளங்கையைக் கீறி, ஊசி போட்டு, அழுது அழுது வராதது இவளுக்கு அதுவாக வருகிறது. "கீழ வைமே!" என்று கத்தினேன்.

எங்கள் பக்கம் பெண்கள் வலையைத் தாண்டக்கூடாது, தொழில் சாமானில் காலோ கையோ படக்கூடாது என்று ஒரு வழக்கம். அந்த வழக்கத்தைக் கிட்டாருக்கும் நீட்டினேன். "இது என் வைத்தியச் சாமான். பொம்பள தொட்டா கை வெளங்காது."

அஞ்சலை கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தாள். "கிட்டாரு இன்னா கடலுக்கா போவுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

அதற்குப் பிறகு நான் உழைத்த உழைப்பைப் பார்த்தால் நீங்களே பயந்துவிடுவீர்கள். வலி இருந்தது, ஆனால் வலியை யார் கவனித்தார்கள்? அவளை ஒரு நாளாவது மிஞ்சவேண்டும். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் தீப்பெட்டியைக் கையில் எடுத்தார், நுழையவில்லை. "பரவாயில்லையே! எப்படி இவ்வளவு சீக்கிரம்?" என்றார். பொறாமை சார் என்று சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்: எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காத மருந்து அது. தூக்கத்தை மட்டும் கெடுக்கும்.

அவள் நான் இல்லாதபோது வாசிக்கிறாளோ என்று சந்தேகம் வந்தது. ஒருநாள் மூன்றாவது கம்பியை வேண்டுமென்றே தளர்த்திவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்து பார்த்தால் சுருதி சேர்ந்திருந்தது. நான் சேர்ப்பதைவிட நன்றாகவே சேர்ந்திருந்தது. திருட்டுத்தனமாக வாசிக்கிறவள் அதைத் தளர்த்தியே விட்டு வைக்கக்கூடாதா? அவளால் முடியவில்லை. பொய்ச் சுருதியை அவள் காது பொறுக்கவில்லை.

சில நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டேன். ஒவ்வொரு சுண்டலும் என் நெஞ்சில் வந்து குத்தியது. அப்படியும் நகர மனசு வரவில்லை.

மழைக்காலம் முடிந்து நான் மறுபடி கடலுக்குப் போனேன். விரல் உள்ளங்கையைத் தொட்டது. கயிறு நழுவவில்லை. முதல் நாள் கரையேறியதும் அஞ்சலை என் கையை விரித்துப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். சரியாகிவிட்டது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி ஒன்று பாக்கி இருந்தது. டெரிக் வருவான், சனியன் பிடித்த கிட்டார் வீட்டைவிட்டுத் தொலையும், நானும் அவளும் பழையபடி ஆகிவிடுவோம். அவன் வரப்போகிறான் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியதும் எனக்குக் கொள்ளைச் சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேசாக நொண்டிக்கொண்டு வந்தான். அஞ்சலை கிட்டாரைத் துடைத்து, தன் பழைய சேலையில் சுற்றி எடுத்து வந்து அவனிடம் நீட்டினாள். அவன் முகர்ந்து பார்த்தான்.

"இன்னா மேன், இறால் வாசனை அடிக்குது?"

"நம்ம வூடு அப்படித்தான்," என்றேன்.

அஞ்சலை சேலைச் சுற்றின் முனையை இன்னும் விடவில்லை. டெரிக்கைப் பார்த்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "திரும்ப எப்போ எடுத்துகினு வருவீங்க?"

டெரிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்தியம் முடிந்த வீட்டுக்கு எதற்குத் திரும்ப எடுத்து வரவேண்டும்? அவன் என் பக்கம் திரும்பினான். "கை சரியாய்ச்சா மாமு? காட்டு."

கையை நீட்டினேன். எவ்வளவு நாளாக இதற்காகக் காத்திருந்தேன்! முழுசாக மடக்கி அவன் கண்முன்னே காட்டவேண்டும் என்று எத்தனை முறை மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பேன். ஆள்காட்டி மடங்கியது. நடுவிரல் மடங்கியது. மோதிர விரலைப் பாதி வழியில் நிறுத்திவிட்டேன்.

"எங்க? பேஜாரு புட்ச்ச விரலு. இன்னும் மடங்கல டெரிக்."

"அட பாவமே! அப்போ வெச்சிக்கோ மேன், வெச்சிக்கோ. எனுக்கு அண்ணன் கிட்டாரு கீது."

அஞ்சலை என் கையைப் பார்த்தாள். அன்று காலையில்கூட நான் நங்கூரக் கயிறு இழுத்ததைக் கரையில் நின்று பார்த்தவள். டீத்தண்ணி போட உள்ளே போய்விட்டாள், ரொம்ப நேரம் வரவேயில்லை.

அவள் வாசித்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நோய்க்கு மட்டும் டாக்டரிடம் போகவில்லை. டெரிக் வருஷத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வருகிறான். வந்ததும் என் கையைப் பிடித்து விசாரிக்கிறான். அவன் உட்கார்ந்திருக்கிற நேரம் முழுக்க என் மோதிர விரல் மடங்குவதில்லை.