தங்கையின் கேக் மிஷினும் நம்ம ஊர் கரண்டும்

என் வீட்டில் எந்தச் சாமான் எந்த பிளக் பாயிண்டில் ஓட வேண்டும் என்பதை முடிவு செய்வது நான்தான். கீசருக்கும் ஓவனுக்கும் பதினாறு ஆம்ப், பெரிய பின். மிக்ஸிக்கும் ஃபேனுக்கும் சின்ன பின். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இஸ்திரிப் பெட்டியைச் சொருகுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் கணவர் என்னை 'லைன்மேன்' என்று கிண்டல் செய்வார். செய்யட்டும். இந்த வீட்டில் இதுவரை ஒரு ஒயர்கூடக் கருகியதில்லை.

அமெரிக்காவில் இருந்த என் தங்கை, கல்யாண வாழ்க்கை முறிந்து, ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டில் இருக்கும் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். கூடவே கேக் மாவு அடிக்கும் மிஷின் ஒன்று. கனமென்றால் அப்படியொரு கனம். அங்கே வீட்டிலிருந்தே கேக் செய்து விற்று, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. "இது இருந்தா போதும்க்கா, இங்கயும் பொழைச்சுப்பேன்" என்பாள். அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் இடிந்துபோய் உட்கார்ந்துவிடுவாள் என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

எதிர்வீட்டுப் பிறந்தநாளுக்காக முதல் ஆர்டர் வந்தது. மிஷினை ஓட்டிப் பார்க்க, தெரு எலக்ட்ரீஷியனை அவளே கூப்பிட்டிருக்கிறாள். நான் கீரையோடு உள்ளே நுழைகிறேன். மிஷினின் தட்டைப் பின்னில் அடாப்டரை மாட்டிச் சொருகிவிட்டு, அவர் சுவிட்சில் கை வைத்திருக்கிறார்.

"கையை எடுப்பா!" என்று போட்ட சத்தத்தில் அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"இன்னாக்கா, பின்னு கரெக்டா ஒக்காந்துகினு கீது. இவங்க போன் சார்ஜரே இந்த அடாப்டர்லதான ஓடிகினு கீது?"

"ஆமாக்கா, அது ஒண்ணும் ஆகலையே" என்றாள் தங்கை.

சார்ஜரைத் திருப்பிக் காட்டினேன். நூறிலிருந்து இருநூற்று நாற்பது வோல்ட் வரை என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அது எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளும். மிஷினை இரண்டு பேராகச் சாய்த்து அடியைப் பார்த்தோம். வெறும் நூற்றிருபது. நம்ம ஊரில் வருவது இருநூற்று முப்பது. அடாப்டர் பின்னை மாற்றுமே தவிர, வோல்ட்டைக் குறைக்காது.

"போட்டிருந்தா பொக மண்டியிருக்கும்க்கா" என்று அவரே ஒத்துக்கொண்டார்.

தங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "இதுவும் இங்க ஆகாதா அக்கா?" என்றாள். அவள் கையை முகத்திலிருந்து விலக்கி, "ஏன் ஆகாது? வோல்ட்டைக் குறைக்க ஒரு டிரான்ஸ்பார்மர் வாங்கினா ஓடப்போகுது. எழுந்து முட்டையை உடை" என்று அதட்டினேன். அன்றைய கேக்குக்கு நானும் அவளும் மாறி மாறிக் கையால் அடித்தோம். தோள்பட்டை கழன்றுவிட்டது. கேக் நன்றாகவே வந்தது.

அந்த வாரமே, மிஷின் இழுக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும் டிரான்ஸ்பார்மரை ஆவடி கடையில் கேட்டு வாங்கி வந்தேன். சின்னதே போதும் என்று கடைக்காரர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. தங்கை சுவிட்சைப் போட்டாள். மிஷின் சீராகச் சுற்றியது.

நான் பக்கத்திலேயே நின்று டிரான்ஸ்பார்மர் சுடுகிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த நாளிலிருந்து ஒரு டம்ளர் காபி போடக்கூட என்னிடம் கேட்டுவிட்டே அடுப்பைத் தொட்டவள், இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, கொஞ்சம் நகரு. எனக்கு வேலை இருக்கு."

வேறு யாராவது என் சமையலறையில் அப்படிச் சொல்லியிருந்தால் நடந்திருப்பதே வேறு. நான் நகர்ந்து நின்றேன்.