என் சாவுக்கு நான் ஊற்றிய தேத்தண்ணி

நான் செத்துப்போன செய்தியை என் வீட்டு முற்றத்தில் வைத்துத்தான் கேட்டேன். கையில் தேத்தண்ணித் தட்டு இருந்தது. செய்தியைச் சொன்னவள் என் மச்சாள், என் புருஷனுடைய தங்கை. கேட்டுக்கொண்டிருந்தது திருகோணமலை டவுனிலிருந்து வந்த ஒரு பிள்ளை. ஆருக்கெல்லாம் புற்றுநோய் வந்தது, வந்தவர்கள் இப்போது இருக்கிறார்களா என்று ஊர் ஊராகப் பதிந்து ஆராய்ச்சிக்குக் கொடுப்பது அவளுடைய வேலை. ஆஸ்பத்திரிப் பட்டியலில் இருந்த என் பெயரைச் சொல்லி விசாரித்தாள்.

மச்சாளைக் குறை சொல்ல ஏலாது. சண்டையில் சம்பூரை விட்டு ஓடித் திரிந்த காலத்தில் பிடித்த பழக்கம் அது. தெரியாத ஆள் கடதாசியோடு வந்து ஒரு பெயரைச் சொன்னால், அந்தப் பெயரில் ஆள் இல்லை. இல்லை என்று மட்டும் சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். செத்துப்போச்சு என்றால் கேள்வி நின்றுவிடும். இப்படி மச்சாள் பல பேரைச் சாகடித்துக் காப்பாற்றியிருக்கிறாள். என் புருஷன் நெல்லு மூட்டைக்குப் பின்னால் தும்மலை அடக்கிக்கொண்டிருக்க, அவருடைய எட்டாம் நாள் சடங்குக்கு ஆர் ஆர் வந்தது என்பது வரை சொல்லி முடித்தவள்.

அந்தப் புற்றுநோய் வருத்தம் எனக்கு வந்தது உண்மைதான். லிங்கநகரில் சொந்தக்காரர் வீட்டில் ஒதுங்கியிருந்தபோது மார்பில் வந்தது. ஒரு பக்கத்தை எடுத்தார்கள். வெளியில் குடல் ஒப்பரேஷன் என்று சொன்னோம். தெரிந்தவர்கள் புருஷனும் மச்சாளும்தான். புருஷன் பிறகு மாரடைப்பில் போய்விட்டார். அது மெய்யான சாவு.

இப்போது மச்சாளின் மகளுக்கும் மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. கிளினிக்குக்கு வரமாட்டேன் என்று நிற்கிறாள். இந்த வருத்தம் வந்து தப்பின ஒருவரைத் தான் கண்டதில்லையாம், கிடந்து வெட்டுப்பட்டுச் சாவதைவிட கச்சான் தோட்டத்தில் நின்று சாகலாமாம். மச்சாள் கெஞ்சினாள், சோறு தின்னாமல் கிடந்தாள். கடைசியில், உன் மாமிக்கும் வந்தது, இருக்கிறாள்தானே என்று சொல்லியும் பார்த்தாள். தாயின் பொய்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, இதையும் அதோடு சேர்த்துவிட்டாள். என்னிடம் வந்து உண்மையோ என்று கேட்டபோது எனக்கு வெட்கம் வந்து குசினிக்குள் போய்விட்டேன். பொய்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

டவுன் பிள்ளைக்கோ, செத்துப்போச்சு என்ற இடத்தில்தான் கேள்வியே தொடங்கியது. வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா? கடைசியில் நோவு இருந்ததா? மருந்தை இடையில் விட்டவரா? மச்சாள் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் சளைக்காமல் சொல்லிக்கொண்டு போனாள். நான் மாரி மழையில் செத்தேனாம். விறகு நனைந்து பற்றவில்லையாம். கடைசியாகப் பாரைமீன் குழம்பு கேட்டேனாம். எனக்குப் பாரை ஒத்துக்கொள்ளாது. அதையாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன், சொல் வரவில்லை. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்பு மட்டும் படித்தேன். டீச்சர் என் பெயரைக் கூப்பிட்டால், பக்கத்துப் பிள்ளைதான் எனக்காக "வந்திருக்கிறா" என்று சொல்லும்.

தட்டை வைத்தேன். டவுன் பிள்ளை என்னைப் பார்த்தாள். "நீங்கள் அவவுக்கு என்ன முறை, அம்மா?"

"தங்கச்சிக்காரி," என்றாள் மச்சாள். "அவ போனதிலயிருந்து இவவுக்குக் கதை பேச்சே இல்லை."

அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்து அமத்தினாள். எனக்கே என்னை நினைக்கப் பாவமாக வந்து, கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் வேலிப் படலையைத் திறந்துகொண்டு மச்சாளின் மகள் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, போன கிழமை மாமி தப்பிட்டா எண்டனீங்கள். இண்டைக்குச் செத்திட்டா எண்டுறீங்கள். நான் எந்த மாமியை நம்புறது?"

டவுன் பிள்ளை பதிந்துகொண்டிருந்த டப்லெட்டை மூடினாள். "இதில விளையாட ஏலாது, அம்மா. இருக்கிற ஆக்களையெல்லாம் செத்ததெண்டு சொன்னா, இந்த ஊரில இந்த வருத்தத்துக்குத் தப்பேலாது எண்டுதான் எங்கட ஆராய்ச்சியில வரும்."

மச்சாளின் மகள் அதைக் கேட்டு, நான் சொன்னதும் அதுதானே என்பதுபோலத் தலையாட்டினாள்.

"நான்தான் அது," என்றேன். "நான் சாகேல்லை."

"விசர்க்கதை கதையாதேங்கோ, மச்சாள்," என்று என்னை அதட்டியவள், டவுன் பிள்ளையின் பக்கம் திரும்பி, "துக்கத்தில இப்பிடித்தான், தான்தான் அக்கா எண்டுவா," என்றாள். நான் அலுமாரியில் இருந்து அடையாள அட்டையை எடுத்துவர, அதைப் பறித்துச் சேலைக்குள் செருகினாள். தெரியாத ஆளுக்கு அட்டை காட்டுகிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

வேறு வழி இருக்கவில்லை. மச்சாளின் மகளை, என் மருமகளை, கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப்போனேன். சட்டைக் கொழுக்கியைக் கழற்றினேன். என் புருஷனுக்குப் பிறகு ஒருவரும் பார்க்காத இடம் அது. அவள் கிட்ட வந்து தழும்பைப் பார்த்தாள்.

"நோகுமோ, மாமி?"

"அப்ப நொந்தது. இப்ப மழை வரமுந்திக் கடிக்கும்."

நாங்கள் வெளியில் வந்தபோதும் மச்சாள் அட்டையைக் கொடுக்கவில்லை. மகள்தான் போய்ச் சேலைக்குள்ளிருந்து இழுத்து எடுத்தாள். என்னைச் சாகடிக்க ஒரு வசனம் போதுமாயிருந்தது, பதிவில் உயிர்ப்பிக்க மேலிடத்துப் பெரியவர்களிடம் கேட்கவேண்டும் என்று டவுன் பிள்ளை பெருமூச்சு விட்டாள்.

அடுத்த கிளினிக் நாளில் நான், மச்சாள், மருமகள் மூன்று பேரும் பஸ் ஏறினோம். கிளினிக்கில் ஆட்கள் இருக்கிற நீள வாங்கில் நெருக்கியடித்து இருந்தோம். நர்ஸ் மிஸ் கதவடியில் வந்து மருமகளின் பெயரைக் கூப்பிட்டாள். கையில் கடதாசி இருந்தது.

"அவ செத்துப்போச்சு," என்றாள் மச்சாள்.

வாங்கு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மருமகள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் எழும்பி நின்றேன்.

"வந்திருக்கிறா," என்றேன்.